தம்பியின் ஐஸ் அட்டை

பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க ஒரு படிப்பு இருக்கிறது என்பதை எங்கள் சொந்தக்காரர்கள் வெகுநாள் நம்பவில்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி, அதைத்தான் படித்துவிட்டு மூலக்குளத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்தாள். இன்று நானும் அதே வேலையில் இருக்கிறேன். ஆனால் இது நடந்தபோது எனக்கு எட்டு வயது. தம்பிக்கு ஐந்து, அதுவரை அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சித்தி அவனுக்குச் சின்னப் பட அட்டைகள் செய்து, வளையத்தில் கோத்து, இடுப்பில் மாட்டிவிட்டிருந்தாள். தண்ணீர், சோறு, பந்து, ஐஸ். எது வேண்டுமோ அந்தப் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். இதற்குப் பழகினால் பேச்சே வராமல் போய்விடும் என்று அப்பாவுக்குக் கவலை. அப்படி ஆகாது என்று சித்தி சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். தம்பியோ அம்மாவிடம் மட்டும் கொடுப்பான். வெளியாள் வந்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவான்.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு முதலியார்பேட்டையிலிருந்து எல்லோரும் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனோம். மேளமும் வேட்டும் கேட்டு என் கால் தரையில் நிற்கவில்லை. கடலில் தீர்த்தவாரிக்கு மயிலத்து முருகன் வந்துவிட்டார் என்று கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. நகர்ந்து பார்த்தால் அம்மாவின் கையில் தம்பி இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளை, எதிரே கடல். அப்பா தண்ணீரை நோக்கி ஓடினார். சித்தி அம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தாள்.

ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. அவர் காலடியில், மணலில், தம்பி குச்சி ஐஸ் சப்பிக்கொண்டிருந்தான்.

"உங்க புள்ளையாம்மா? பேரு கேட்டேன், சொல்லல. இந்த அட்டைய பிய்ச்சு என் கையில வச்சுது. சரி, ஐஸ் கேக்குதுன்னு வாங்கிக் குடுத்தேன். தேடிக்கிட்டு வருவீங்கன்னு இங்கயே நின்னுட்டேன்."

நான் கத்திக்கொண்டே ஓடி அப்பாவை அழைத்துவந்தேன். நனைந்த வேட்டியோடு வந்தவர் தம்பியை வாரி எடுத்துக்கொண்டார். அம்மா அழுதாள். சித்தி மட்டும் போலீஸ்காரரை விடவில்லை.

"சார், நீங்க கேட்டு குடுத்தானா, அவனாவே குடுத்தானா?"

"அதுவாத்தாம்மா. நான் அந்தாண்ட பாத்துக்கிட்டு இருந்தேன். சட்டைய புடிச்சு இழுத்துக் குடுத்துச்சு."

அவ்வளவுதான். சித்தி மணலில் குதித்தாள். அவரை மறுபடி சொல்லச் சொன்னாள், அப்பா கேட்க வேண்டும் என்று இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னாள். அப்பா அட்டையை வாங்கித் தானே வளையத்தில் கோத்துவிட்டார்.

எனக்குச் சித்திமேல் கோபம்தான் வந்தது. தொலைந்த பிள்ளை கிடைத்திருக்கிறான். இவள் ஒரு ஐஸுக்காக இந்த ஆட்டம் ஆடுகிறாளே என்று. அந்த ஐஸும் எனக்கு இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அந்தச் சட்டை இழுத்த கதையையே பேசிக்கொண்டு வந்தாள். பிறந்ததிலிருந்து எங்களுக்குள் மட்டுமே இருந்த தம்பி அன்றுதான் ஊருக்குள் வந்திருந்தான் என்பது, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த எனக்குத் தெரியவில்லை.