ஜீப்பின் முனகல்

விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் காலை, கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பிய ஜீப் முனக ஆரம்பித்தது. மெதுவாகப் போனவரை ஒன்றும் தெரியவில்லை. பெரிய ரோட்டுக்கு வந்து வேகம் எடுத்ததும், காலுக்கு அடியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போல ஒரு சத்தம். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"கேக்குதா?" என்றேன்.

"என்ன கேக்குது?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க. உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

அவர் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரத்தில் எந்தச் சத்தம் வந்தாலும் ஊருக்கு முன்னால் அவருக்குக் கேட்டுவிடும். கேட்டும் கேட்காதது போல இருக்கிறார் என்றால் அவருக்கும் பயம் என்று அர்த்தம்.

வேறு சமயமாக இருந்தால் இந்தக் கிழட்டு ஜீப் முனகட்டும், பாடட்டும், எனக்கென்ன என்று விட்டிருப்பேன். ஆனால் எங்கள் மகளுக்கு நிறைமாதம். அவள் இருப்பது பாலிகஞ்சில், ஒரு குறுகிய சந்தில். நாலு தூறல் போட்டாலே அந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். நன்றாகப் பெய்தால் டாக்ஸி வராது, ஆட்டோ வராது, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். ஆஸ்பத்திரியோ பைபாஸ் பக்கம். முதல் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் கெஞ்சாத நாளில்லை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, ஊரில் இல்லை. வங்காளி மாமியாருக்கு அப்போதுதான் முழங்கால் அறுவை ஆகியிருந்தது. "மாவைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா வருவேன்?" என்று மகள் ஒரே பிடியாக நின்றாள். மாமியாரை 'மா' என்று அழைக்கப் பழகியவளிடம் என் பேச்சு எங்கே எடுபடும்?

ஆகவே மழையும் வலியும் ஒரே நாளில் வந்தால் எங்களுக்கு இந்த ஜீப்தான் கதி. சாதாரணமாக வண்டியின் பின்சக்கரங்களைத்தான் இன்ஜின் இழுக்கும். முன் சக்கரங்கள் சும்மா கூடவே உருளும். தண்ணீரில் இறங்குவதற்கு முன் இவர் வண்டியை நிறுத்தி, முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் உள்ளங்கை அளவுத் திருகைத் திருப்பிவிட்டு வருவார். பிறகு கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக் கம்பியை இழுப்பார். அப்புறம் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஊரே தத்தளிக்கும்போது எங்கள் வண்டி எருமை மாதிரி நிதானமாகத் தண்ணீரைக் கடக்கும். அதில் அவருக்கு இருக்கும் பெருமையைச் சொல்லி மாளாது.

பெருமை இருந்தால் பூஜையும் இருக்கும். கொல்கத்தாவில் எங்கள் ஜீப்புக்கு வருஷத்தில் இரண்டு பண்டிகை. விஸ்வகர்மா பூஜைக்குத் தெருவில் எல்லோரும் வண்டியைக் கழுவிப் பூப்போடுவார்கள். நாமும் போடாவிட்டால் நன்றாயிராது. பிறகு நவராத்திரியில் நம்முடைய ஆயுத பூஜை. இரண்டுக்கும் இவர் நம் ஊர் முறைப்படி பானட், ஸ்டீயரிங், சக்கரம் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். அன்று சாயங்காலமே ஈரத்துணியோடு உட்கார்ந்து அத்தனையையும் துடைப்பார். அதுவும் வலமாகத்தான் துடைப்பார். சாமி படம், சாப்பாட்டு மேஜை, மூக்குக்கண்ணாடி எதுவானாலும் கை வலமாகத்தான் சுற்றும். இடமாகத் துடைத்தால் மேஜை கோபித்துக்கொள்ளுமா என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

முனகல் தொடங்கிய அன்றே சோதனையும் தொடங்கியது. ஆளில்லாத ரோட்டில் வேகம் எடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினையும் அணைத்துப் பார்த்தார். வண்டி தானாக உருண்டது. முனகல் நிற்கவில்லை. "இன்ஜின் இல்ல, கியர் பாக்ஸும் இல்ல. சக்கரம் உருள்றதோடதான் வருது," என்றார். எனக்கு ஒரு கணம் நிம்மதி. உடனே அவர், "அப்படின்னா அதுக்குக் கீழ எதோ தேயுது," என்றார். அந்த நிம்மதியும் போயிற்று.

கிடர்பூரில் அவருக்குப் பழக்கமான வண்டி மிஸ்திரி ஒருவர் இருக்கிறார். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கையைத் துடைத்தபடி, "டிஃபரென்ஷியல் கேச்சே, தாதா," என்றார். பின் அச்சின் நடுவில், இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி போய்விட்டது என்கிறார். பிரித்துப் பார்க்க வேண்டும். சாமான் கிடைத்தால் துர்கா பூஜைக்குள் முடியும், கிடைக்காவிட்டால் "புஜோர் போரே". பூஜைக்குப் பிறகு என்று இந்த ஊரில் ஒருவர் சொன்னால் அது எப்போது என்று கேட்பதில் பயனில்லை.

வீடு வரும்வரை எங்களுக்குள் சண்டை.

"வண்டியைக் கழட்டிப் போட்டுட்டு, அந்த நேரத்துல அவளுக்கு வலி வந்தா? மழை வந்தா?"

"கழட்டாம விட்டு, அவளை ஏத்திக்கிட்டு நடுத் தண்ணியில அது உடைஞ்சா?"

இரண்டுமே நியாயம். அதுதான் கொடுமை. ராத்திரியெல்லாம் புரண்டேன். பகலில் வானத்தைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். மகள் சாதாரணமாக, "அம்மா, ரசப்பொடி தீந்துபோச்சு," என்று கூப்பிட்டால்கூட நான் குடையைத் தேடினேன். கடைசியில் அவர் சொன்னபடியே திங்கட்கிழமை வண்டியை மிஸ்திரியிடம் விடுவது என்று முடிவாயிற்று. சரி என்று சொன்னேனே தவிர, மனசு ஒப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் பொறுக்கவில்லை. "பின்னாலேர்ந்துதான் சத்தம் வருதுன்னு யார் பாத்தா? என் காதுக்கு எல்லாப் பக்கமும் கேக்குது," என்றேன்.

அவருக்கும் உள்ளுக்குள் அதே உறுத்தல் இருந்திருக்க வேண்டும். எங்கள் தெருவைத் தாண்டி ஓர் ஆபீஸின் நீளமான காம்பவுண்டுச் சுவர் உண்டு. சுவரை ஒட்டி ஓட்டினால் சத்தம் அதில் பட்டுத் திரும்பி வரும், எந்தப் பக்கம் என்று தெரியும் என்றார். சுவர் இடப்பக்கம் இருக்க ஒரு முறை போனோம். என் ஜன்னல் வழியாகப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பிறகு வண்டியைத் திருப்பி, ரோட்டின் தப்பான பக்கத்தில், சுவர் அவர் பக்கம் இருக்கும்படி ஓட்டினார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் குடையை ஆட்டி வங்காள மொழியில் எங்களை வெளுத்து வாங்கினார். அந்தத் திட்டுக்கு நடுவிலும் முனகல் சுவரில் மோதித் தெளிவாகத் திரும்பி வந்தது.

"வலது பக்கம்," என்றார் அவர். கொஞ்சம் நிதானித்து, "பின்னால இல்ல. எனக்கு முன்னால."

இறங்கினோம். வண்டிக்கு அடியில் குனிந்து அவர் எதையோ தட்டினார், ஆட்டினார். நான் வலது முன் சக்கரத்தின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எனக்கு இயந்திரம் தெரியாது, அழுக்கு தெரியும். திருகின் இடுக்கில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. இதைக்கூட ஒழுங்காகத் துடைக்கத் தெரியவில்லையே என்று எரிச்சலோடு நகத்தால் சுரண்டினேன். திருகின் மேல் இருக்கும் கோடு அப்போதுதான் கண்ணில் பட்டது. அது படுத்திருந்தது. எழுந்துபோய் இடது சக்கரத்தைப் பார்த்தேன். அதில் கோடு நின்றிருந்தது.

"ஏங்க, இது ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?"

அவர் வந்து பார்த்தார். வலதுபுறத் திருகை இடமாகத் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். வண்டியில் ஏறிச் சுவர் ஓரமாக ஓட்டினார். நான் நடைபாதையில் நின்று கேட்டேன். முனகல் இல்லை. டயர் சத்தம் மட்டும்தான்.

பூஜையன்று சாயங்காலம் சந்தனத்தைத் துடைத்தபோது, துணியோடு சேர்த்துத் திருகையும் வலமாகச் சுற்றியிருக்கிறார். இடதுபுறத் திருகு துருவேறி இறுகியது, அசையவில்லை. வலதுபுறத்துக்கு அவரே கிரீஸ் போட்டு வைத்திருந்தார், வழுக்கிக்கொண்டு திரும்பிவிட்டது. சும்மா உருள வேண்டிய சக்கரம், ஓய்வில் இருந்த முன் அச்சைப் பிடித்துச் சுற்றியிருக்கிறது. பழைய பல்சக்கரங்கள், சுற்றினால் முனகத்தான் செய்யும். தண்ணீரில் போகும்போதும் முனகியிருக்கும். தண்ணீரின் இரைச்சலில் நாங்கள் கேட்டதில்லை.

"உங்க பக்தியில தீய வைக்க," என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதுவிட்டேன். அவர் ஈரத்துணியைப் பிடித்த மாதிரியே கையை வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் வண்டி கிடர்பூருக்குப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை. பத்து மணிக்கெல்லாம் கொட்டித் தீர்த்தது. போன் அடித்தபோது மகள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தச் சாதாரணத்திலேயே வலி வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பாலிகஞ்சை நெருங்கியதும் ரோடு ஏரியாகிவிட்டது. அவர் குடையில்லாமல் இறங்கினார். "ரெண்டையும் பாருங்க," என்று கத்தினேன். "பாத்துட்டேன்," என்றார். நம்பாமல் நானும் இறங்கி, தண்ணீருக்குள் கைவிட்டு இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறினேன்.

சந்துக்குள் போய் நின்றோம். பக்கத்து வீட்டார் மகளைத் தாங்கிக் கொண்டுவந்து பின் சீட்டில் என் பக்கத்தில் ஏற்றினார்கள். மாடி பால்கனியில் சம்பந்தியம்மாள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, பயணம் கிளம்புகிறவர்களுக்குத் துணையாக இங்கே துர்கையின் பெயரைச் சொல்வது போல, "துக்கா, துக்கா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி தண்ணீரில் நகர்ந்தது. மகள் என் மணிக்கட்டை நெரித்தாள். சந்து முழுக்கத் தண்ணீர் இரைந்தது, ஆனால் காலுக்கு அடியில் அது எனக்குக் கேட்டது.

"அம்மா, வண்டி ஏதோ முனகுதும்மா," என்றாள் அவள் பயந்துபோய்.

"முன் சக்கரம் இழுக்குதுடி. முனகட்டும்."

அது நின்றுவிடக் கூடாதே என்று அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைபாஸில் மேடு வந்து தார் தெரிந்ததும் அவர் குட்டிக் கம்பியைத் தள்ளிவிட்டு, திருகுகளைத் திருப்ப இறங்குவதற்காக வண்டியை ஓரம் கட்டினார். தண்ணீர் நிற்காத ரோட்டில் அச்சு வீணாகச் சுற்றுவது அவருக்குப் பிடிக்காது.

"இறங்காதீங்க," என்றேன். "அப்படியே போங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டி முனகிக்கொண்டே வந்தது.