நாக்கில் ஒட்டிய தாடை எலும்பு

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். படிப்பது நிலவியல். போன வருடம் மகாராஷ்டிராவில் ஓர் ஆற்றங்கரைக்குக் கல்லூரியிலிருந்து எங்களைக் கூட்டிப்போனார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல் அங்கே வெள்ளை அடுக்காகப் படிந்திருக்கிறது. அந்தக் காலத்து விலங்குகளின் எலும்புகள் அதில் கிடைக்கும்.

எனக்குக் கிடைத்ததெல்லாம் கல். "இதையெல்லாம் வெச்சு உங்க ஊரு ஆம்பூர்ல வீடு கட்டப் போறியாடி?" என்று தோழி ரேவதி கிண்டலடித்தாள். அம்மாவோ, "எம் பொண்ணு பெரிய மிருகமா எடுப்பா" என்று தான் வேலை பார்க்கும் தோல் கம்பெனி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

கடைசி நாள் மதியம் விரல் நீளத்தில் ஒன்று அகப்பட்டது.

"நாக்குல வெச்சுப் பாரும்மா. எலும்புன்னா ஒட்டும்" என்றார் பேராசிரியை.

வைத்தேன். ஒட்டிக்கொண்டது! இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மண்ணைத் துடைத்ததும் இரண்டு பற்கள் தெரிந்தன. காட்டுமாட்டின் தாடைத் துண்டு!

குதித்துக்கொண்டே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். கம்பெனியில் சாப்பாட்டு நேரம்.

"இன்னாடி, மாட்டுப் பல்லா? இதுக்கா அவ்ளோ தூரம் போன?"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பல்லாயிரம் வருஷத்து மாடும்மா!"

அம்மா போனை முகத்தருகே கொண்டுபோனாள். "தோலு இன்னா ஆச்சு?"

"அது அப்பவே மக்கிப் போச்சும்மா. எலும்பு மட்டும்தான் நிக்கும்."

"அப்படிச் சொல்லு! இங்க தோலு மட்டும்தான் வருது. மீதிய நீ தோண்டி எடுத்துட்ட. நல்லா காட்டுடி, எல்லாரும் பாக்கட்டும்!"

அம்மாவின் வேலையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது யாராவது கேட்டால், எங்கள் இருவருக்கும் மாட்டு வேலைதான் என்கிறேன்.