மடியில் போகும் ரயில்

அருப்புக்கோட்டையில் வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் ஜெயபாண்டியிடம் ஒரு ரயில் இருக்கிறது. விரல் நீள இன்ஜின், பின்னால் மூன்று பெட்டி. மூன்றடி நீளப் பலகைகள் நான்கை வரிசையாகச் சேர்த்து ஸ்விட்சைப் போட்டால், அது அருப்புக்கோட்டை ஸ்டேஷனில் புறப்பட்டு, கரிசல் காட்டையும் கருவேலம் புதரையும் தாண்டி, திருச்சுழி ஸ்டேஷனில் போய் நிற்கும். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு யாராவது கூப்பிட்டால் பலகைகளுக்கு அட்டை மூடி போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

சிக்கலே பஸ்ஸில்தான். பலகையின் ஓரம் அடிபட்டால் அங்கே முடியும் தண்டவாளம் நெளியும். நெளிந்தது அடுத்த பலகையோடு சேராது. இரண்டு ஊர்களில் கூட்டம் கூடி நிற்க, ரயில் ஓடாமல் திரும்பியிருக்கிறது.

மனைவி அழகுத்தாய் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். இரண்டாவது முறை உடைந்து வந்தபோது ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

“இன்னொரு வாட்டி ஒடஞ்சு வந்துச்சுன்னா பரண்ல ஏத்திருவேன். பெறகு எறக்கக் கூடாது.”

சொன்னதோடு நிற்காமல் பரணில் இடமும் ஒதுக்கிவிட்டார். அடுத்த அழைப்பு வீரசோழன் பள்ளிக்கூடத்து பிருந்தா டீச்சரிடமிருந்து வந்திருந்தது. போவதா வேண்டாமா என்று ஜெயபாண்டி பதில் சொல்லவில்லை.

உடைந்த அந்த இரண்டு முறையும் ஓரத்துக்குக் காப்பு இல்லாமல் இல்லை. அவர் முதலில் அடித்தது, ஒயரிங்காரர் கைக்கு முதலில் எட்டுவது: சுவரில் ஒயரை மூடும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டி. எடையே கிடையாது. பின் சீட்டுக்கு அடியில் குலுங்கிக் குலுங்கி, பந்தல்குடி போய்ச் சேர்வதற்குள் விண்டுபோனது. மரச்சட்டம் அடித்துப் பார்த்தார். ஒரு பலகையைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிறகு அலுமினிய ஆங்கிள், ‘எல்’ வடிவத்தில் மடங்கிய தகடு. எடை குறைவு, உடையாது. இனிக் கவலையில்லை என்றுதான் இரண்டாவது முறை கிளம்பினார்.

பஸ்ஸில் கூட்டம். நம் ஊர்ப் பக்கம் கூட்டமான பஸ்ஸில் நிற்பவர் கையில் சாமான் தங்காது. உட்கார்ந்திருப்பவர் மடிக்குப் போய்விடும். பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான், பலகையாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு பலகையை வாங்கி வைத்துக்கொண்ட அம்மா கொஞ்ச தூரத்திலேயே நெளிய ஆரம்பித்தார்.

“ஏண்ணே, இது ரயிலா, அருவாமனையா? தொடைய அறுக்குது.”

சொல்லிவிட்டுப் பலகையைத் தரையில் இறக்கி வைத்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறியவரின் கால் திருச்சுழி ஸ்டேஷன்மேல் விழுந்தது.

அந்த அம்மாமேல் ஜெயபாண்டிக்குக் கோபம் வரவில்லை. பலகையைச் சுமந்து போவது அடுத்தவர் மடி. மடிக்கு ஆகாத ஓரம் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன?

விடை மல்லாங்கிணற்றில் கிடைத்தது. முத்துராமலிங்கம் என்பவரின் தோட்டத்தில் மோட்டார் ஒயரை மாற்றப் போயிருந்தார். வரப்போரம் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் குவியலாகக் கிடந்தது. ஒரு துண்டை எடுத்து மடக்கினார். விட்டதும் அது பழையபடி நிமிர்ந்தது. விரிசல் இல்லை.

“இது எம்புட்டு நாளா வெயில்ல கெடக்கு?”

“மொளகா போட்டப்ப வாங்குனது. ஆடு மிதிக்கும், டிராக்டர் ஏறும். சாவ மாட்டேங்குது. வேணும்னா அள்ளிட்டுப் போங்க.”

வீட்டில் குழாயை நீளவாக்கில் பிளேடால் கீறி, வெந்நீரில் முக்கி, இளகியதும் பலகை ஓரத்தில் கவ்வ வைத்தார். அழகுத்தாய் மில்லிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“குளிக்க வச்ச தண்ணியில கொழாயையா அவிக்கிறீக?”

“செத்த பொறு. வெந்துரும்.”

“உப்புப் போட்டீகளா?”

ஒவ்வொரு பலகையிலும் தண்டவாளத்தின் கடைசி விரற்கடையை மட்டும் கழற்றி மாட்டும் துண்டாக்கிக்கொண்டார். போய்ச் சேர்ந்ததும் முனையிலுள்ள குழாயை உருவிவிட்டு அதைப் பொருத்தினால் போதும். அன்றே பிருந்தா டீச்சருக்கு போன் போட்டு, வருவதாகச் சொன்னார்.

வீரசோழன் போன அன்று அழகுத்தாய்க்கு விடுமுறை. தானும் வருவதாகக் கிளம்பினார். பஸ்ஸில் நான்கு பலகைகளும் நான்கு மடிகளுக்குப் போயின.

“உள்ள என்னண்ணே, கேக்கா?” என்றார் பலகையை வாங்கிய ஒருவர்.

“ரயிலு.”

“ரயில பஸ்ஸுல ஏத்திட்டுப் போறீகளா? நல்ல கதை.”

அவர் குழாய் ஓரத்தில் கையைப் போட்டுக்கொண்டு ஊர் வரும்வரை செல்போன் பார்த்தார். யாரும் நெளியவில்லை.

வீரசோழனில் இறங்கும்போதுதான் அது நடந்தது. மூன்று பலகைகள் கைமாறி இறங்கிவிட்டன. நான்காவதான திருச்சுழிப் பலகையைப் பின்படியிலிருந்து நீட்டுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஜெயபாண்டியின் கைக்கு வந்தது, நிற்கவில்லை. மூலை குத்தி ரோட்டில் விழுந்து ஒருமுறை எம்பிப் படுத்தது.

அழகுத்தாய்தான் குனிந்து எடுத்தார். மூலைக் குழாயில் வெள்ளையாக ஒரு கீறல்.

“பரணா?” என்றார் ஜெயபாண்டி.

“மொதல்ல ஓடுதான்னு பாப்போம்.”

வகுப்பறையில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுப் பலகைகளைச் சேர்த்தார். பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அழகுத்தாய் மூன்றாவது பலகையும் நான்காவது பலகையும் சேரும் இடத்தில் போய் நின்றுகொண்டார். அருப்புக்கோட்டையில் ரயில் கிளம்பியது. அவர் கண் முன்னால் வந்ததும் லேசாக ஒரு டக். பின்னாலேயே மூன்று டக். தாண்டிப் போய்த் திருச்சுழியில் நின்றது.

அழகுத்தாய் பிள்ளைகளுக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டார்.

திரும்பும்போதும் பஸ்ஸில் கூட்டம். அழகுத்தாய்க்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருச்சுழி ஸ்டேஷன் பலகையை ஜெயபாண்டி பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டினார்.

“அங்க எதுக்கு? இங்கன கொண்டாங்க.”

“பரண்ல எடம் வச்சிருந்தியே?”

“அதுல பழைய மெத்தையப் போட்டுக்கிறலாம்.”

நிஜத் திருச்சுழி வருவதற்குள், மடியிலிருந்த பலகையின் ஓரத்தில் கையை மடக்கி வைத்து அவர் தூங்கிப்போயிருந்தார்.