இனியா சொல்லாத தீர்ப்பு

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில், சூளையிலிருந்து இறங்கும் கப்புகளைத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிப்பதுதான் இருபது வருடமாக வீரம்மாளுக்கு வேலை. மகள் இனியா ராணுவத்தில் கேப்டன். நாடே பேசிய கொலை வழக்கில் ஒரு சிப்பாய்க்குத் தூக்கு விதித்த ராணுவ நீதிமன்றத்தில் அவளும் ஓர் உறுப்பினர். மேலதிகாரி முகத்தைப் பார்த்து யாரும் பேச்சை மாற்றிவிடக் கூடாதென்று, அங்கே பதவியில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். அந்த இளையவள் இனியாதான்.

“நீ தூக்குன்னா சொன்ன?” என்று போனில் கேட்டாள் வீரம்மாள்.

“யாரு என்ன சொன்னாங்கன்னு வெளிய சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம்மா. உங்கிட்டயும் சொல்ல முடியாது.”

வீரம்மாளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கம்பெனியில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு அதையே கேட்டார்கள். கையிலிருந்த கப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பெத்தவ நான் கேட்டே வாயத் தொறக்கல. அதான் எம் பொண்ணு!”