கவிதா அக்காவின் லைப்ரரிக்கு ஒரு ஓட்டு

இந்த வாரம் இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காமெடியாக ஏதாவது தட்டிவிடலாம் என்று உட்கார்ந்தால் விரல் போகவில்லை. நான் சோகமாக எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பது வேறு விஷயம். இருந்தாலும்... கேளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை, காலி அட்டைப்பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஏரியா எலிமென்டரி ஸ்கூலுக்குப் போனேன். இந்தியன் குரோசரி கடையில் டெலிவரி வேன் ஓட்டுகிறவனுக்குக் காலிப் பெட்டிக்கா பஞ்சம்? கேட்டது கவிதா அக்கா. அந்த ஸ்கூல் லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிறவர். எதற்குப் பெட்டி? புத்தகங்களைக் கட்டி வைக்க. லைப்ரரியை மூடுகிறார்கள்.

"மாம்பழப் பெட்டியாடா கொண்டு வந்தே?"

"வெங்காயப் பெட்டியும் இருக்குக்கா. கண்ணுல தண்ணி வந்தா அது மேல பழியப் போட்டுக்கலாம்ல?"

அக்கா சிரித்தார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். அக்கா விருதுநகர்க்காரர். அங்கே ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். செந்தில் அண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கே அமெரிக்காவில் சான்டா கிளாரா பக்கம் வந்தார். வேலை பார்க்கக் கூடாத விசா. வருஷக்கணக்கில் வீட்டிலேயே இருந்தார். ஒரு வழியாக பெர்மிட் வந்து, கிடைத்த முதல் வேலை இந்த லைப்ரரி. சம்பளம் பெரிதில்லை. ஆனால் ஸ்கூல் ஐடி கார்டைக் கழற்றாமலே எங்கள் கடைக்கு வருவார்.

"ஏன்க்கா, கார்டு காட்டினாத்தான் கத்தரிக்கா குடுப்பாங்களா?"

"எத்தனை வருஷம் கழிச்சு என் பேரை பிரின்ட் பண்ணிக் குடுத்திருக்காங்க. நீ போடா."

அந்த வேலைக்குப் பணம் வந்தது ஒரு தனி வரியிலிருந்து. இந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், அதாவது இந்த ஸ்கூலைச் சேர்ந்த ஏரியாவில், வீடு வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவார்கள். லைப்ரரி, மியூசிக் கிளாஸ் எல்லாம் அதில்தான் ஓடியது. அந்த வரிக்கு ஒரு கெடு உண்டு. கெடு முடிந்தால் டிஸ்ட்ரிக்டில் இருப்பவர்கள் ஓட்டுப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு பேர் 'சரி' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லைப்ரரி இல்லை. அக்காவுக்கு வேலையும் இல்லை.

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் கொதித்தது. ஒருவர் போஸ்டர் டிசைன் பண்ணினார். ஒருவர் அதில் ஃபான்ட் சரியில்லை என்று சண்டை போட்டார். செந்தில் அண்ணன் ஸ்ப்ரெட்ஷீட் போட்டார் — எந்தத் தெரு, எந்தக் கதவு, யார் தட்டுவது என்று கலர் கலராக.

"சரி, இதுல யார் யாருக்கு ஓட்டு இருக்கு?" என்று கேட்டேன்.

ஒரு 'எனக்கு'கூட வரவில்லை. அத்தனை பேரும் விசா. கிரீன் கார்டு வரிசையில் நின்று நின்று முடி நரைத்தவர்கள்.

ஓட்டு இருந்தது எனக்கு மட்டும்தான். சின்ன வயதில் அப்பாவோடு வந்தவன் நான். அவருக்கு சிட்டிசன்ஷிப் வந்தபோது எனக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. காலேஜ் பாதியில் நின்றாலும் சிட்டிசன்ஷிப் முழுசாக வந்துவிட்டது. பிஹெச்டிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அல்ஜீப்ராவில் ஃபெயில் ஆனவன் ஓட்டுப் போடுகிறான். இதை வைத்து ஒரு வாரம் கிண்டல் பண்ணினேன். 'ஓட்டுக்கு என்ன குடுப்பீங்க?' என்று குரூப்பில் போட்டேன். அன்று சாயங்காலமே வாசலில் பிரியாணி டப்பா. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? சிட்டிசன் ஆன தமிழர்களைத் தேடி நானும் செந்தில் அண்ணனும் கிளம்பினோம். அவர்கள் பிள்ளைகளும் இதே ஸ்கூலில் படித்தவர்கள்தானே...

முதலில் சுந்தரம் அங்கிள் வீடு. அவர் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்ததே கவிதா அக்கா லைப்ரரியில்தான்.

"கவிதாவுக்காப்பா? இதுக்கெல்லாம் நேர்ல வரணுமா? நானும் போடறேன், வீட்லயும் போடுவாங்க."

காபி வந்தது. முறுக்கு வந்தது. கடைசியில் தபாலில் வந்திருந்த ஓட்டுச்சீட்டும் வந்தது. கவரைப் பிரித்தார். மேலிருந்து கீழே பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இதுல அது இல்லையேப்பா."

கிச்சனிலிருந்து ஆன்ட்டியின் குரல். "எப்படிங்க இருக்கும்? நாமதான் வேற டிஸ்ட்ரிக்டுக்கு வந்துட்டோமே. அதுக்காகத்தானே இந்த வீட்டையே வாங்கினோம்."

எங்கள் ஊருக்கு நடுவில் ஒரு பெரிய ரோடு போகிறது. இந்தப் பக்கம் அபார்ட்மென்ட்கள், எங்கள் ஸ்கூல். அந்தப் பக்கம் தனி வீடுகள், ஸ்கூல் ரேட்டிங் அதிகமான வேறு டிஸ்ட்ரிக்ட். அடுத்துப் போன வீடும் அந்தப் பக்கம். அதற்கடுத்ததும் அந்தப் பக்கம். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள், எல்லா வீட்டிலும் வருத்தப்பட்டார்கள். அண்ணன் ஸ்ப்ரெட்ஷீட்டில் எல்லாம் இருந்தது... அந்த ரோடு மட்டும் இல்லை.

யாரைக் குறை சொல்வது? விசாவில் வருகிறோம். இந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். பிள்ளைகளை இந்த ஸ்கூலில் விடுகிறோம். கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப், வீடு — அதோடு ரோட்டைத் தாண்டிவிடுகிறோம். ஸ்கூல் நமக்கு வேண்டியிருக்கும்போது ஓட்டு இல்லை. ஓட்டு வரும்போது அந்த ஸ்கூல் நமக்கு வேண்டியதில்லை.

இந்தப் பக்கமும் கதவு தட்டினோம். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ ஓட்டுப் போடுவியா?" என்று செந்தில் அண்ணனைக் கேட்டார். அண்ணன் இல்லை என்றார். "இவ்வளவு வருஷமா இங்க இருக்கேங்கற, ஏன் இல்ல?" கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அண்ணன் விசாவை விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தேங்க்யூ சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

ரிசல்ட் வந்தது. பாதிக்கு மேல் ஆட்கள் 'சரி' என்றுதான் போட்டிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. நம் ஊரில் பாதி வாங்காதவர்களே மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். இங்கே அதற்கு மேல் வாங்கியும் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை லைப்ரரியில் அக்கா ஒவ்வொரு ஷெல்ஃபாகக் காலி பண்ணிக்கொண்டே வந்தார். புத்தகங்களில் கொஞ்சம் கிளாஸ்ரூம்களுக்கு, மிச்சம் ஏதோ குடோனுக்கு. ஜன்னலோரம் இருந்த ஷெல்ஃபை மட்டும் தொடவே இல்லை.

"இத எப்பக்கா கட்டறது?"

அக்கா உதட்டில் விரல் வைத்தார். எட்டிப் பார்த்தேன். ஷெல்ஃபுக்குப் பின்னால் ஒரு சீனத்துப் பெண் குழந்தை தரையில் உட்கார்ந்து அவசர அவசரமாகப் படித்துக்கொண்டிருந்தது. முடிக்க இன்னும் கொஞ்சம் பக்கம்தான் பாக்கி.

"முடிக்கட்டும்டா. பெட்டிக்கு என்ன அவசரம்?"

காத்திருந்தோம். அக்கா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயப் பெட்டி ஜோக்கை அப்போது சொல்லியிருக்கவே கூடாது என்று தோன்றியது.

ஆபீஸ் முடித்து செந்தில் அண்ணன் வந்தார். வயதில் எனக்கு அண்ணன், மற்றபடி ஃபிரெண்டு. இரண்டு பேருமாகப் பெட்டிகளைத் தூக்கி வேனில் வைத்தோம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

"விடுங்கண்ணே. அடுத்த எலெக்‌ஷன்ல இந்த வரியத் திரும்பக் கொண்டு வராமலா போவாங்க? அப்ப ஜெயிச்சிடலாம்."

அண்ணன் வேன் கதவைச் சாத்தினார்.

"அதுக்குள்ள நாங்களும் சின்னதா ஒரு வீட்டப் பாத்து ரோட்டைத் தாண்டியிருப்போம்டா."