பாண் வண்டி வந்தால் வருவேன்

மகளை நர்சரிக்குப் பழக்கும் வேலையை நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் எட்டு வருடமாக நிற்கிறவன் நான். சுடுதண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களையும், குரங்கு ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு மரம் ஏறிவிட்டது என்று அழுகிறவர்களையும் சிரிக்கவைத்து அனுப்பியிருக்கிறேன். மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு ஆளைச் சமாளிக்க முடியாதா? "ரெண்டே நாள், பாத்துக்கிட்டே இரு" என்று மனைவியிடம் சவடால் அடித்துவிட்டு ஒரு வாரம் லீவு போட்டேன்.

அவசரம் அவளுடையது. இரத்தோட்டையில் ஒரு வங்கிக் கிளையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கள் போய்ச் சேர வேண்டும். முதலில் கிடைத்த வேலையைக் கல்யாணத்துக்காக விட்டாள். அடுத்து வந்ததை மகள் வயிற்றில் இருந்ததால் விட்டாள். இது மூன்றாவது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லை. மாத்தளை அலுவிகாரையில், பின்னேரம் வரை பிள்ளைகளை வைத்திருக்கும் அந்த நர்சரிதான் எங்களுக்கு இருந்த ஒரே வழி.

முதல் நாள் வாசலில் மகள் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எப்பப்பா வருவீங்க?" என்றாள். நாலு மணி என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? அவளுக்குத் தெரிந்த ஒரே கடிகாரம் பேக்கரியின் பாண் வண்டி. முச்சக்கர வண்டிக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி வைத்து, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் அது நுழைந்தால் மணி நாலு. அந்த மெட்டைக் கேட்டதும் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு, சீனி தூவிய கிம்புலா பணிஸ் கேட்டு ஓடுவாள்.

"பாண் வண்டி வந்தா அப்பா வந்துருவேன்" என்றேன். உடனே காலை விட்டாள். எனக்கு என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்பதரைக்கு டீச்சர் போன் எடுத்தார்.

"தம்பி, என்ன சொல்லிட்டுப் போனீங்க? இங்க காலையிலயே பாண் வண்டி வருமே!"

நான் போனபோது மகள் பையை மாட்டி, தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் தொங்கவிட்டு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். அவள் அழுவதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் ஆரம்பித்திருந்தார்கள். எதற்கு அழுகிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. அன்று அவளை வீட்டுக்கே கூட்டிப்போனேன்.

மறுநாள் காலை பாண் வண்டிக்காரனை மறித்தேன். நர்சரிக்கு முன்னால் மட்டும் மெட்டை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்.

"மியூசிக்க நிப்பாட்டினா நான் வந்தது யாருக்கு அண்ணே தெரியும்? பாண் எல்லாத்தையும் நீங்களா திம்பீங்க?" என்றான். ஆனாலும் நல்ல மனுஷன். மெட்டை நிறுத்திவிட்டுத்தான் போனான். அந்தத் தெருப் பெண்கள் கையில் பையோடு ஓடிவந்து, ஊமை வண்டி ஓட்டுகிறாயா என்று அவனைப் பிடிபிடி என்று பிடித்தார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் வேறொரு பேக்கரியின் வண்டி அதே மெட்டோடு வளைவில் திரும்பியது. மாத்தளையில் பாண் வண்டிக்கா பஞ்சம்? உள்ளேயிருந்து மகளின் குரல் கிளம்பியது.

புதன்கிழமை நிலைமை இன்னும் மோசம். மெட்டு கேட்டதும் மகளுக்குப் பின்னால் இன்னும் நாலு பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்களாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிடிவாதம் பிடிச்ச கழுத" என்று பல்லைக் கடித்தேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவ பிடிவாதம் பிடிக்கல தம்பி. நீங்க சொன்ன நேரத்துக்கு ரெடியாகி நிக்கிறா. வராதது நீங்கதான்."

எட்டு வருடத்தில் எந்த விருந்தாளியும் என்னிடம் இவ்வளவு நியாயமான புகார் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் மனைவி, வேலைக்காக எடுத்து வைத்திருந்த சேலைகளை மடித்து மறுபடி அலுமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். "பரவால்லங்க. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். போன இரண்டு தடவையும் இதே போலத்தான் சொன்னாள் என்பது நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சேலைய வெளிய எடு" என்றேன்.

வியாழக்கிழமை சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பாண் வண்டி வந்தது, நானும் கூடவே வந்தேன். மகள் ஆச்சரியப்படவே இல்லை. "வந்துட்டீங்களா?" என்று, பிந்தி வந்த வேலைக்காரனைக் கேட்பது போலக் கேட்டாள். படியில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி பணிஸ் தின்றோம்.

"இப்ப அப்பா போவேன்" என்றேன். "நீங்க சோறு சாப்பிட்டு, தூங்கி எழும்பி, பால் குடிச்சு முடிச்ச பிறகுதான் வருவேன். அதுக்கு முந்தி வரமாட்டேன்."

அழுதாள். ஆனாலும் போனேன். பால் நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே வந்து, கோப்பை காலியாகும்வரை மதிலுக்கு வெளியே ஒளிந்து நின்றேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. அன்று அழுகை பாதிதான்.

திங்கட்கிழமை மனைவி ஏழு மணி பஸ்ஸில் இரத்தோட்டைக்குப் போனாள். நான் மகளை நர்சரியில் விட்டேன். பையை ஆணியில் மாட்டினாள், "போங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். நான் வேலைக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது மனைவி போன் எடுத்தாள்.

"அழுதாளா?"

"இல்ல. சிரிச்சிக்கிட்டே போயிட்டா."

அவள் குரல் இறங்கிவிட்டது.

"கொஞ்சங்கூடவா அழல?"

ஒரு வாரம் படாத பாடு பட்டு உண்மை பேசப் பழகியிருந்தேன். ஆனால் அந்தக் குரலிடம் எனக்கு உண்மை பேச மனம் வரவில்லை.

"வாசல்ல நின்னு ஒன்னத்தான் கேட்டா" என்றேன். "கொஞ்சம் அழுதா."

"அதானே!" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி வைங்க, கவுண்டர்ல ஆள் நிக்குது."