ஒரே கரையில் இரண்டு மின்பாதை

வசந்தா மேடம் போய்விட்டார் என்று காலையில் போன் வந்தது. "சரி" என்றேன். இட்லி சாப்பிட்டேன், சட்டை மாட்டிக்கொண்டு தஞ்சாவூர் அலுவலகத்துக்கும் போனேன். அழுகை வரவில்லை. மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

மின்பாதைத் திட்டப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், வரைபடத்தை மட்டும் பார்த்து அவர் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். திருத்துறைப்பூண்டிக்குப் போகும் பாதை புயலில் விழுந்தால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது பாதை ஒன்றை வரைந்து, பெருமையாக நீட்டினேன். மறுநாளே என்னை ஜீப்பில் ஏற்றி ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனார்.

"தாள்லதான் சார் ரெண்டு. ரெண்டையும் ஒரே கரையில நிறுத்தியிருக்கீங்களே, கரை உடைஞ்சா? புயல்கூட வேணாம், கெட்ட எண்ணத்தோட ஒருத்தன் வந்தா ஒரே எடத்துல நின்னு ரெண்டையும் சாய்ச்சுடுவான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

புதிய பாதையை வயல்வெளிக்குத் திருப்பினோம். அளந்து பார்த்தால் ஒரு மின்கோபுரம் மன்னார்குடிப் பக்கம் அவருடைய சொந்த அண்ணன் வயலில், நட்டநடுவில் வந்தது.

"கொஞ்சம் வளைச்சுடலாம் மேடம், யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"அப்ப பக்கத்து வயல்ல போய் நிக்கும். அந்த வயல்காரர் மூஞ்சில நீங்க முழிப்பீங்களா?"

வளைக்கவில்லை. அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். மகள் கல்யாணத்துக்குக்கூடத் தங்கைக்குப் பத்திரிகை வைக்கவில்லை. கல்யாணத்தன்று மேடம் வழக்கம்போல அலுவலகம் வந்தார், என்னோடு டீ குடித்தார்.

அப்புறம் ஒரு புயலில் கரை உடைந்து பழைய பாதை சேற்றில் படுத்தது. வயல்வழிப் பாதை சாயாமல் நின்றது. திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் விளக்கு அணையவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். "அண்ணன் வயல்ல நடவு முடிஞ்சிருந்துது, முழுகியிருக்கும்" என்றார் அவர். போன் செய்யுங்கள் என்றேன். செய்யவில்லை.

துக்க வீட்டுக்கு அண்ணன் வந்திருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டவர் வந்ததுக்கா சார் கோவப்பட்டேன்? நோட்டீஸ் பாத்துத்தான் எனக்கே தெரியும். அண்ணே, உன் வயல்ல வருதுன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே எடத்தைக் காட்டியிருப்பேன்."

முன்னாலேயே சொன்னால் அண்ணனுக்குச் சலுகை காட்டியதாகிவிடும் என்று மேடம் நினைத்திருப்பார். கேட்க இனி ஆளில்லை.

யாருக்காகவும் பாதையை வளைக்காத அவர் வழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் கோபுரம் யார் வயலில் வருகிறதோ, அவர் வீட்டுப் படியேறி நானே முதலில் சொல்வேன். அந்த ஒன்றை மட்டும் மேடம் செய்யவில்லை.